திறந்த இல்லம்

ஜெலுத்தோங், பதினான்காம் மாடி.
தீபாவளிக்கு மறுநாள்.
தொலைக்காட்சியின் வாயைப் பொத்திவிட்டு
சேகரன் கூப்பிட்டான்:
"லஷ்வினி, அங்கிளுக்குச் செஞ்சி காட்டு."

முறுக்கை அவசரமாய் விழுங்கி
சோபாவுக்கும் விசிறிக்கும் நடுவே வந்து நின்றாள்.
அபாக்கஸில் மூன்றாம் நிலையாம்.
"மணிச்சட்டமே வேணாம், எல்லாம் காத்துலதான்"
என்றாள் அவள் அம்மா.
கைப்பேசிக் கணிப்பானைத் திறந்து
என்னை நீதிபதியாக்கினார்கள்.

நாற்பத்தேழு பெருக்கல் பதினெட்டு.

பாவாடைச் சரிகைமேல்
இல்லாத மணிகளை
ஏற்றி இறக்கின விரல்கள்.
யாரோ மைலோவை உறிஞ்சும் சத்தம்.

"எண்ணூற்று முப்பத்தாறு."

திரையில் வேறு எண்.
சேகரன் என் முகத்தையே பார்த்தான்,
தொழிற்சாலையில்
சம்பள உயர்வுப் பட்டியல் ஒட்டும் அன்று
பார்ப்பதைப் போல.

"சரி" என்றேன்.

ஒரே கைதட்டல்.
யாரோ ஓர் அத்தை கன்னத்தைக் கிள்ளினாள்.
பத்து வெள்ளி அங்பாவ்.
அதைப் பிரிக்காமல்
விரல்களை இன்னொரு முறை
மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள்.

செருப்புக் குவியலில்
என் ஜோடியைத் தேடுகையில்
கதவிடுக்கில் குரல்:
"எண்ணூற்று நாற்பத்தாறு.
ஏன் அங்கிள் சரின்னு சொன்னீங்க?"

உள்ளே மறுபடி கூப்பிட்டார்கள்.
புது விருந்தாளிகள்.

மின்தூக்கி
பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு என்று
பிழையில்லாமல் இறங்கியது
என்னை வைத்துக்கொண்டு.