குரைப்பு

இரவு இரண்டே கால்.
முனிர்க்காவில் மூன்றாம் மாடியில்
யாரோ குரைத்தார்கள்.
கீழே சந்தில், சிலிண்டர் வண்டியடியில் படுத்திருந்த நாய்
பதில் சொன்னது.

விளக்கைப் போட்டால், தாரிகா.
ஒன்றரை வயது. நேற்றுவரை வெறும் மூக்கொழுகல்.
இப்போது கழுத்துக்குழி
ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒட்டுகிறது,
உறிஞ்சித் தீர்ந்த ஜூஸ் டப்பாவின் வயிறு போல.
இழுக்கும்போது
தண்ணீர் வற்றிய அடிபம்பின் சத்தம்.

போனில் டாக்டரின் தூக்கக் குரல்:
குரல்வளையில் வீக்கம், வைரஸ்தான்,
அழவிடாதீர்கள்,
குளிர்காற்றில் கொஞ்சம் வைத்திருங்கள்,
இழுப்பு நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

ஜனவரி தில்லியில் குளிருக்கா பஞ்சம்.
தீபாவளியிலிருந்து ஜன்னல் இடுக்கெல்லாம்
டேப் ஒட்டி வைத்திருப்பவள் நான்.
வெளியே இருப்பதைக் காற்று என்று சொல்லலாமா என்று
எனக்கும் தணிகைக்கும் தினம் ஒரு சண்டை.

ஃப்ரிட்ஜின் இரண்டு கதவையும் திறந்தோம்.
உறைந்த பட்டாணி, அரைக் கிலோ சுறா,
மூடி தொலைந்த மாவுப் பாத்திரம்.
அந்த வெளிச்சத்தில் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்
நடை திறந்த சன்னிதி மாதிரி.
தாரிகா ஐஸைத் தொட்டுப் பார்த்தாள்.
குரைத்தாள்.
நாயும்.

மூன்று மணிக்கு ஆட்டோ.
குழந்தைக்குக் குளிருமே என்று
டிரைவர் ரெக்சின் திரையை இறக்கப் போனார்.
வேண்டாம் என்றேன்.
நான்தான் சொன்னேன்.
ரிங் ரோட்டின் மொத்தப் புகைப்பனியும்
காசில்லாமல் ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்தது.
மேம்பாலம் ஏறுகையில் கழுத்துக்குழி நிதானித்தது.
இறங்குகையில்
லாரிகளின் சிவப்பு விளக்குகளுக்கு அவள் டாட்டா காட்டினாள்.

அவசரப் பிரிவில்
ஸ்டெத் வைத்துப் பார்த்த சின்ன வயது டாக்டருக்கு
ஒன்றும் கேட்கவில்லை.
இருமல் எப்படி இருந்தது, என்றாள்.
தணிகை தன் எட்டு வருட இந்தியில் தேடினான்.
தமிழிலும் தேடியிருப்பான்.
பிறகு, போர்வைக்குள் குந்தியிருந்த முப்பது பேர் முன்னால்
கணக்குத் தணிக்கை அதிகாரி
கழுத்தை நிமிர்த்திக்
குரைத்தான்.
இரண்டு முறை. அச்சாக அதே.

ஸ்ட்ரெச்சரில் ஒருவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.
டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.
தாரிகாதான் சிரித்தாள்,
சிரிப்பு பாதியில் உடைந்து
அதே குரைப்பாக வெளியே விழுந்தது.
இதுவா?
இதேதான்.

இனிப்பாக ஒரு மருந்து, ஒரே வேளை.
இரண்டு மணிநேரம் பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள், இருந்தோம்.
அவள் என் சால்வைக்குள் சத்தமே இல்லாமல் தூங்கினாள்,
அந்தச் சத்தமின்மையை நான் நம்பாமல்
விரலை மூக்கடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால்
ஃப்ரிட்ஜை மூடவே இல்லை.
சமையலறை முழுக்கத் தண்ணீர்.
பட்டாணி மெத்தென்று இருந்தது.