கணக்காய்வு வினா 14

"மூன்று விலைக்கோரல்கள் பெறப்படாமைக்கான
காரணத்தைத் தெரிவிக்கவும்."

ஐயா,
அன்றிரவு களனி கங்கை
வெல்லம்பிட்டிச் சந்திக்கு வந்து நின்றது.
செயலகத்தின் கீழ்மாடியில்
சுற்றுநிருபக் கோவைகள் மிதந்தன.
அவசரத்தில் ஒப்பந்தம் செய்ய
எனக்கு அதிகாரம் தந்த பிரிவு
அவற்றில் எதிலோ
நனைந்துகொண்டிருந்தது.

முகத்துவாரத்திலிருந்து
லொறியில் வள்ளத்தை ஏற்றி வந்தார் மரியாம்பிள்ளை.
மணித்தியாலம் ஆறாயிரம் என்றார்.
நாலு என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
தண்ணீரைப் பார்த்தார்.
எண்ணெய்க்காசாவது வேணும், மிஸ்.
ஐந்துக்கு முடிந்தது.

ஒப்பந்தம் என்று நீங்கள் கேட்பது
இணைப்பு 'அ'.
பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்து
ஃபோன் வெளிச்சத்தில் எழுதினேன்.
முத்திரை இல்லை.
சாட்சி, கூரையிலிருந்து இறக்கிய முதல் ஆள்.
கை நடுங்கியதில்
பெயரை வாசிக்க முடியாது.
பதினொரு மணித்தியாலம்,
ஐம்பத்தையாயிரம்.

ஐந்து சரியான விலையா,
எனக்கு இன்னும் தெரியாது.

அதே பிரிவின் கீழ்தான்
அடுத்த கிழமை ஒருவர்
மைத்துனரிடம் கூடாரம் வாங்கினார்.
அவரது கோவை துப்புரவாக இருந்தது:
மூன்று கம்பனி, மூன்று விலைக்கோரல்,
மூன்றிலும்
ஒரே எழுத்துப்பிழை.
அவருக்கு வினா வரவில்லை.

ஆகவே கேளுங்கள்.
கேட்க வேண்டியதுதான்,
என்னிடமும்.

பார்த்து முடிந்ததும்
மட்டையை மடிக்காமல் அனுப்பவும்.
மடித்த இடத்தில்
மை உதிர்கிறது.