பிறந்த இடம்

நெப்ராஸ்காவில் எங்கள் கவுண்டிக்கு ரயில் வந்தது,
ஊருக்கு நான்கு மைல் தள்ளி.
தண்டவாளத்தைக் கொஞ்சம் வளைக்கச் சொல்லி
மனுப்போட்டார்கள், பணம் திரட்டினார்கள்.
கம்பெனிக்காரன் பதில்கூடப் போடவில்லை.
ஜனவரியில் மண் கல்லாய் இறுகியதும்
ஊரையே பெயர்த்துக் கட்டைகள்மேல் உருட்டினார்கள்.

தேவாலயத்துக்கு முப்பது எருதுகள்.
மளிகைக்கடை வழியெல்லாம் திறந்தேயிருந்தது;
மண்ணெண்ணெய் வாங்க ஏறிய ஒருத்தி
அரை மைல் தாண்டித்தான் இறங்கினாள்.
சிறையும் போனது. உள்ளே ஒரு குதிரைத் திருடன்,
ஓசிப் பயணம்.

மூன்றாம் இரவு, ஓடைச் சரிவில்
போஹுமில் ஹவ்ரானெக்கின் வீட்டுக்கு உருளை முறிந்தது.
உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
லுட்மிலாவுக்கு அங்கேதான் வலி கண்டது.
பழைய ஊருமில்லை, புது ஊருமில்லை.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
எழுத்தர் எழுதி, அடித்து, மறுபடி எழுதி
கடைசியில் விட்டிருக்கிறார்:
வழியில்.

அந்தப் பேரேடு இப்போது என் மேஜையில்.
அன்று பிறந்த ஆல்பினாதான்
கவுண்டியில் கார் வாங்கிய முதல் பெண்.
பிரேக்கைவிட ஹாரனை நம்பியவள்;
கோழிகளுக்கு அவளைத் தெரியும்.
பாஸ்போர்ட் கேட்டபோது வாஷிங்டன் மறுத்தது,
அப்படி ஓர் ஊர் இல்லையென்று.
அவள் எழுதினாள்:
கிழக்கே இரண்டே முக்கால் மைல்,
ஓடைக்கு இந்தப் பக்கம்.

எழுபத்தெட்டில் தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றார்கள்.
கட்டைகள் பன்றிப் பட்டிக்கு வேலியாயின.
நெடுஞ்சாலை இப்போது வடக்கே ஆறு மைல்.
காற்று திரும்பினால் லாரிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.
போன கூட்டத்தில் டுவேன் கோவாரிக் எழுந்து கேட்டான்:
"மறுபடி உருட்டலாமா?"
சிரித்தார்கள்.
யாரோ, எல்லாம் கான்கிரீட் அஸ்திவாரம் என்றார்கள்.
அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.
பள்ளிப் பேருந்து விஷயத்துக்குப் போனோம்: ஒரு தடம்,
ஏழு பிள்ளைகள்.

பிரசவ ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு மைல்.
செவ்வாய் இரவு டுவேன் பாதிதான் ஓட்டியிருந்தான்,
பனி கொட்டியது,
பெண் குழந்தை பின்சீட்டில் பிறந்தது.
படிவம் இப்போது கணினியில்.
பட்டியலிலிருந்து ஊரைத் தேர்ந்தெடு என்கிறது.
நான் "வ" வரை தேடிப் பார்த்துவிட்டேன்.

வெளியே டுவேன்
எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறான்.