அட்டவணையில் இல்லாதது

நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம்.
தெமட்டகொடை ஷெட்டிலிருந்து
இருமிக்கொண்டு வெளியே வருகிறது
எங்கள் சின்ன எஞ்சின்.

இதற்குப் பெயரில்லை.
யாழ்தேவி, உதயதேவி, பொடிமெனிக்கே
எல்லாம் மாலை போட்டுக்கொண்ட சாதி.
இது கல் இழுக்கும், சிலிப்பர் கட்டை இழுக்கும்,
வழியில் செத்துப்போன எதையும்
வீட்டுக்குக் கொண்டுவரும்.

"அடுத்த வருசம் கரண்ட் கோச்சி" என்கிறார் விமலசிறி.
நான் வேலைக்குச் சேர்ந்த அன்றும்
அடுத்த வருசம்தான்.
சொல்லிவிட்டு டீசல் துணியால்
கண்ணாடியைத் துடைக்கிறார்.
இன்னும் மங்குகிறது.

இன்று பம்பலப்பிட்டியில் ஒன்று படுத்துவிட்டது.
ஒன்பது பெட்டி.
சனங்களை இறக்கி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்களாம்.
அவர்கள் திட்டியது மட்டும்
மேடையில் கிடக்கிறது, வெற்றிலைத் துப்பலோடு.

கடற்கரைத் தண்டவாளம் தொட்டால் பிசுபிசுக்கும்.
உப்பு இரும்பைத் தின்பது
பல்லில்லாதவன் முறுக்குத் தின்பதுபோல்:
ஊறவைத்து, ஊறவைத்து.

நிஸார்தீன் நடுவில் குனிகிறான்.
ஒரு கொக்கி, ஒரு சங்கிலி, ஒரு கெட்ட வார்த்தை.
மாட்டியாயிற்று.

கடைசிப் பெட்டியில்
சிவப்பு விளக்கோடு நான்.
முன்னால் எட்டுப் பெட்டி இருட்டு,
அத்தனையும் யன்னலோரம்.

பகல் முறை வாரங்களில்
பாணந்துறையிலிருந்து ஒற்றைக்காலில் வருகிறவன்.
யாரோ ஒருவரின் குடைக்காம்பு
என் விலாவுக்குப் பழக்கம்.
இப்போது ஊரே உட்காரலாம்,
நான் மட்டும் நிற்க வேண்டும்.
வால் விளக்கு உட்கார்ந்து எரியக் கூடாதாம்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் உட்கார்ந்தேன்.

கடல் ஒரு பக்கம், தூங்கும் ஹோட்டல்கள் மறுபக்கம்.
காலடியில் கிண்கிண் என்று ஏதோ.
குனிந்து தடவினால்
சோற்றுப்பெட்டி. காலி.
உள்ளே ஒரு கரண்டி,
ஒவ்வொரு பொருத்துக்கும் ஒரு தட்டு.
பருப்பு வாசம் இன்னும் போகவில்லை.
மூடியில் நகப்பூச்சால் "த.ப." என்று,
இரண்டாம் புள்ளி கொஞ்சம் வழிந்து.

கொம்பனித்தெரு, கோட்டை
எங்கும் எங்களுக்காக ஒரு விளக்கும் எரியவில்லை.
கரண்டியை மடியில் பிடித்துக்கொண்டேன்.
அப்புறம்தான் எஞ்சினின் சத்தம் கேட்டது,
முன்னால், வெகு தூரத்தில்,
மூச்சு முட்ட.

மருதானையில் எழுந்து நின்றேன்,
யாரும் பார்க்கவில்லை.

தவறிய பொருள் கவுண்டரில்
தூக்கக் கண்ணோடு கிளார்க் புத்தகத்தைத் தள்ளினார்.
பொருள்: சோற்றுப்பெட்டி ஒன்று, கரண்டியுடன்.
கண்டெடுத்த இடம்: இருக்கைக்குக் கீழ்.
"எந்தக் கோச்சி?"

பேனாவை வாங்கி
யோசித்துக்கொண்டிருந்தேன்.
வெளியே அது
அடுத்த வேலைக்கு ஹோர்ன் அடித்தது.