ஓரத்தில் பென்சிலால்

வார்டு மூன்றில் இரவுச் சாவுகள் குறைந்தன,
புதிய மானிட்டர்களால்
என்கிறது காலாண்டு அறிக்கை.

அன்றும் மானிட்டர் தொண்ணூற்றாறு காட்டியது.
பதினான்காம் கட்டில், ம்கீசே:
தேநீருக்கு நாலு கரண்டி சர்க்கரை வேண்டுமென்று
தினம் தினம் மல்லுக்கு நிற்பவர்
அன்று கொடுத்ததைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

சிஸ்டர் கோகிலம் போர்வையை விலக்கினாள்.
முழங்கால்வரை சில்லிட்டிருந்தது.
“நலமாய்த்தான் இருக்கிறேன்” என்றார் ஜூலுவில்.
கால்கள் வேறு சொல்லின.

“எண்களெல்லாம் சரியாத்தானே இருக்கு?”
தூக்கம் கலைந்த டாக்டர்.
“நேத்து இவர் எப்படி இருந்தார்னு
எண்களுக்குத் தெரியாது.”

ரத்தத்தில் கிருமி. விடியுமுன் மருந்து ஏறியது.
சாட்ஸ்வொர்த் மேட்டில் முதல் பஸ் முனகிய நேரம்
படிவத்தில் கட்டம் தேடினாள், இல்லை;
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
‘சர்க்கரை கேட்கவில்லை.’

செவ்வாய்க்கிழமை
ஐந்து கரண்டி கேட்டார்.