கையிலிருந்து தாடைக்கு

முழங்கை மடிப்பில் ரப்பர் பட்டை இறுகியபோது
டாக்டர் ஓங் சொன்னார்:
"சீக்கிரம் எடுத்துச் சீக்கிரம் சுழற்ற வேண்டும்.
உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் குழாயில் இல்லை.
இரத்தம் நமக்காகக் காத்திருக்காது."

காத்திருக்காதவர்களோடு பழகியவள்தான் நான்.
பஃபலோ ரோட்டில் பணம் அனுப்பும் கடை,
மூன்றாம் கவுண்டர்.
கண்ணாடியில் உள்ளங்கை அகலத் துளை.
அதன் வழியே பதினோரு வருடமாக
பெயர், தொகை, வங்கி, கிளை,
"இன்னைக்கு ரேட் என்னக்கா?"

நான்கு குழாய் நிறைந்தது.
இயந்திரம் மூடியைச் சாத்திக்கொண்டு சுழல ஆரம்பித்தது.
நான் மரத்துப்போன உதட்டோடு
கூரையில் ஒட்டியிருந்த மேகப் படத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

கடைசி ரயிலில் இரண்டு இருக்கையை அடைத்துத் தூங்குபவனைப் போல
பக்கத்துப் பல்லின் மேல் காலை நீட்டி
ஏழு வருடம் படுத்திருந்தது அது.
ஞானப்பல்லாம்.
எழுப்பியபோது நான்கு துண்டாக எழுந்தது.

சுழற்சி நின்றது.
குழாய்க்குள் மூன்று மாடி.
அடியில் சிவப்பு. உச்சியில் வைக்கோல் நிறத் தண்ணீர்.
நடுமாடியை நர்ஸ் ஹஃபிஸா இடுக்கியால் தூக்கிக் காட்டினாள்:
கலங்கிய மஞ்சள்,
நோன்புப் பெருநாளுக்கு மேல்வீட்டிலிருந்து வரும்
அகார் அகார் துண்டு போல மெல்ல நடுங்கியது.
இதுவா நான்?
வாய் திறந்தே இருந்ததால் கேட்க முடியவில்லை.

சிவப்பை வெட்டி ஒதுக்கினார்கள்.
மிச்சத்தைத் தகட்டுக்கடியில் வைத்து அழுத்தினார்கள்.
ஃபைப்ரின், என்றார் டாக்டர். ஒரு வலை.
வலையில் சிக்கிய தட்டணுக்கள்
ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல்
வாரக் கூலி போல
கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம்
புதுச் சதைக்கு வேண்டியதை.
குழியில் வைத்தார். இரண்டு தையல்.

யாரிடமும் வாங்கவில்லை. எதையும் கலக்கவில்லை.
அனுப்புநர் நான்,
பெறுநர் நான்.
உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
கமிஷனும் இல்லை என்று நினைத்து முடிப்பதற்குள்
பில் வந்தது.
அந்த மஞ்சள் துண்டுக்கு மட்டும் தனி வரி:
முந்நூற்று எண்பது வெள்ளி.

துப்பாதீர்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள்.
பேச்சைக் குறையுங்கள்.
தெம்பனிஸ் வீட்டில் இரண்டு நாள்
ஆறிய கஞ்சியோடு சொன்னபடி கேட்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு.
எங்கள் கடையில் யாரும் லீவு கேட்காத நாள்.
வரிசை படியிறங்கித் தெருவரை நின்றது.
நான் தாளில் எழுதி எழுதிக் காட்டினேன்.
"வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்றாள் இரண்டாம் கவுண்டர் இன்பவல்லி.
இருந்தது. இடக் கன்னம் முழுக்க.

முத்திருளன் வந்தான்.
சுரங்க ரயில் பாதையில் இரவு வேலை.
என் கன்னத்தைப் பார்த்தான், தன் கன்னத்தைத் தொட்டான்,
துளைக்கு நேரே வாயைத் திறந்து காட்டினான்.
"நானும் புடுங்குனேன்க்கா, போன வருசம்.
பஞ்சைக் கடிச்சுக்கிட்டு மறுநாளே வேலைக்கு எறங்கிட்டேன்.
குழி காஞ்சுபோச்சுன்னாங்க.
ஒரு வாரம் உசுரு போயி உசுரு வந்துச்சு.
உங்களுக்கு ஆறிருச்சா?"

தலையை ஆட்டினேன்.
பேசக் கூடாது என்பது
அன்று வசதியாக இருந்தது.

பணத்தை எண்ணித் துளைக்குள் தள்ளினான்.
வழக்கமான தொகைதான், மாதாமாதம் நான் எண்ணும் தொகை.
முந்நூற்று எண்பது.
இரண்டாம் தடவை எண்ணினேன். சரியாகவே இருந்தது.
ரசீதை வாங்கி நான்காக மடித்து
சட்டைப் பைக்குள் வைத்து பட்டனைப் போட்டான்.

இரவு.
போகாதே என்ற இடத்துக்கே போகிறது நாக்கு.
தையல் முனை தட்டுப்பட்டதும்
வேலியடைத்த வேலையிடத்தைக் கண்டவள் போல
நின்று, திரும்புகிறது.

சத்தம் எதுவும் இல்லை.
உள்ளே ஆள் இறங்கியிருக்கிறது.