மூன்றாம் துண்டு

டிசம்பரில் பெல்லோ ஊரில்
பகல் என்பது
என் தபால் வண்டியின் முன்விளக்கு எட்டுகிற தூரம்.
தோர்னியோ ஆறு மூடிக் கிடக்கிறது.
மேலே பனி, அடியில் நீர்,
நீருக்குள் ஜூனில் வரப்போகிற சால்மனுக்கான காலியிடம்.
தூண்டில் கோல் கட்ட இதைவிட நல்ல மாதம் கிடையாது.

மர ஆலை ஒய்வா வந்தான்,
நான்காய் மடித்த பட்டியலோடு.
டைட்டானியம் வளையம் பதினொன்று.
போர்ச்சுக்கல் கார்க், துளையில்லாதது.
ரீல் உட்காருமிடத்தில் சுருள் பர்ச் மரம்.
வெற்றுக்கோல் மட்டும்
‘இருப்பதிலேயே விறைப்பானது’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு.
மைத்துனன் ஏரோவின் கோலைவிட
ஒரு பிடி விறைப்பு கூட வேண்டுமாம்.

விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்தேன்.
வீசு என்றேன்.
சிரித்துக்கொண்டே வீசினான்,
பிறகு சிரிக்காமல்.
இரு கை வீச்சில் பாடுபடுவது கீழ்க்கை.
அவனுடைய கீழ்க்கையில் விரல் மூன்று.
மற்ற இரண்டை ஆலை வைத்துக்கொண்டது.
மூன்றும் எங்கே பிடிக்கின்றனவோ அங்கே
பென்சிலால் கோடிழுத்தேன்.
அவன் பட்டியலைப் பார்த்தான்.
நான் கோட்டைப் பார்த்தேன்.

பதின்மூன்றடி, எட்டாம் எடை,
இடுப்பு வரை வளைகிற கோல் என்று முடிவு செய்தேன்.
கிழவிகள் பிடிக்கிற கோல் என்றான்.
எனக்கு ஐம்பத்தாறு, பரவாயில்லை என்றேன்.
முன்பணத்தை
எண்ணாமல் வைத்துவிட்டுப் போனான்.

பார்சல் என் வண்டியிலேயே வந்தது.
கொடுத்தவள் நான், வாங்கினவள் நான்,
கையெழுத்து மட்டும் இரண்டு தினுசு.
நான்கு துண்டுகள், கரும்பச்சை,
புதுக் கிராஃபைட்டின் மணம் லேசாய்.

அடியை மேசையில் ஊன்றி
நடுவை விரலால் அழுத்தி உருட்டினால்
ஓரிடத்தில் துள்ளித் திரும்பி உட்காரும்.
அதுதான் முதுகு.
அதற்கு நேரே வளையம் கட்டாவிட்டால்
மீன் இழுக்கும்போது கோல்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

முதல் துண்டு உட்கார்ந்தது.
இரண்டாவது உட்கார்ந்தது.
மூன்றாவது
இங்கேயும் உட்கார்ந்தது, அங்கேயும் உட்கார்ந்தது.
விளக்கில் பிடித்தேன்: ஒன்றுமில்லை.
நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன்.
மேல்முனைக்கு ஒரு சாண் கீழே
கீறல் விட்ட பானை பேசுகிற குரல்.

சரியாக அந்த இடத்தில்தான்
ஐந்தாம் வளையம் வர வேண்டும்.
அடர்பச்சை நூல் இரண்டு அங்குலம் சுற்றி
எபாக்ஸி பூசினால் நூல் இருண்டுபோகும்.
கோழி வாட்டும் மோட்டாரில் விடியும்வரை சுழலவிட்டால்
கண்ணாடி போலாகும், கடவுளுக்கே தெரியாது.
மாற்றுத் துண்டு வர மே மாதமாகும்.
நூல்கண்டை எடுத்தேன்.
ஒரு சுற்று சுற்றினேன், நிறம் பார்க்க,
நிறம் பார்க்கத்தான்.
அவிழ்த்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

எப்போது முறியும், என்றான்.
தெரியாது. நல்ல மீன் வரும் அன்றைக்கு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை,
ஆலைச் சங்கு மட்டும் கேட்டது.
அப்படியானால் அதை ஏரோவுக்குக் கட்டிக் கொடேன்.

மறுநாள்
கெட்ட இடத்தை ரம்பத்தால் அறுத்தேன்.
நல்ல பக்கம் முழங்கை நீளம் மிஞ்சியது.
இரண்டு வளையம், ஒரு துண்டுக் கார்க்.
கார்க்கை மூன்று விரலுக்குத் தேய்த்தேன்.
பனியில் துளையிட்டுப் பிடிக்கிற கோல்.
மே வரை இதை வைத்துக்கொள், காசு வேண்டாம்.

ஜனவரியில் ஆற்றின் மேல் நடந்துபோனபோது
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.
பக்கத்தில் உறைந்த ஆறேழு பெர்ச் மீன்கள்,
வாலெல்லாம் ஒரே பக்கம் கோணி.
நல்லாத்தான் இருக்கு ஹில்க்கா, என்றான்,
ஆனா ரொம்ப விறைப்பு.
மீன் கடிக்கிறதே கைக்குத் தெரியமாட்டேங்குது.

கையுறைக்குள் விரல் மரத்திருந்தது.
அவன் பட்டியல் என் சட்டைப்பையில்தான் இருந்தது.
பென்சில் மட்டும் இல்லை.